கட்டுப்படியாகாது என்ற கணக்கு

“கழிவுநீரிலிருந்து உரம் எடுப்பதெல்லாம் ஐரோப்பாவுக்குச் சரி. நமக்குக் கட்டுப்படியாகாது.”

நீர் பற்றிய எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் இந்த வாக்கியம் ஒரு தடவையாவது காதில் விழும். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டிய பொறியாளர்களும், கோப்புகளில் கையெழுத்திடும் அதிகாரிகளும், உர விலையைத் தினமும் பார்க்கிறவர்களும் இதைச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதாலேயே இது முடிந்துபோன தீர்ப்பாகிவிட்டது. கல்லூரி மாணவர்கள்கூட ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இதையே எழுதிக் கொடுக்கிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு என்று நான் கருதுகிறேன்.

முதலில் அவர்கள் வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். கழிவுநீரில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருப்பதை அவர்கள் மறுப்பதில்லை. கசடைச் செரிக்கவைத்துப் பிழிந்தால் வரும் நீரில் இரண்டும் செறிந்திருக்கும். அதில் மெக்னீசியம் சேர்த்து, காரத்தன்மையைச் சற்று உயர்த்தினால், மூன்றும் கூடி வெள்ளைப் படிகமாக அடியில் இறங்கும். அதன் பெயர் ஸ்ட்ரூவைட். எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பங்கு பாஸ்பரஸ், ஆறுக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன், பத்துக்குச் சற்றுக் குறைவாக மெக்னீசியம். நல்ல உரம். இதுவரை தகராறு இல்லை. தகராறு மெக்னீசியத்தில்தான் தொடங்குகிறது. கழிவுநீரில் அது போதிய அளவு கிடையாது. மெக்னீசியம் குளோரைடோ ஆக்சைடோ மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்ட வேண்டும். அந்தச் செலவு உரத்தின் விலையை விழுங்கிவிடும். ஆகவே படிகாரத்தையோ இரும்பு உப்பையோ போட்டு மணிச்சத்தைக் கசடோடு கட்டிப்போடுவதே மேல். அதுவும் முடியாவிட்டால் நீரோடு போகவிட வேண்டியதுதான் என்கிறார்கள்.

இந்தக் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. மெக்னீசியத்தைக் கடையில் வாங்கினால் விடை அப்படித்தான் வரும். என் கேள்வி, அதை ஏன் கடையில் வாங்க வேண்டும் என்பதுதான்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். இந்த நகரத்தின் நீருக்குப் பொறுப்பான அமைப்பின் பெயரே சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். குடிநீரும் கழிவுநீரும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருக்கின்றன. அந்த வாரியத்துக்காக 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர் கொள்ளளவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியது. 2013-இல் நெம்மேலியில் அதே கொள்ளளவில் இன்னொன்று. 2024-இல் அதன் அருகிலேயே 150 மில்லியன் லிட்டருக்கு மூன்றாவது. பேரூரில் 400 மில்லியன் லிட்டருக்கு நான்காவதற்கு அடிக்கல் நாட்டியது 2023-இல்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மெக்னீசியம் உண்டு. காட்டுப்பள்ளி ஆலையின் வடிவமைப்பு, நாளுக்கு 237 மில்லியன் லிட்டர் கடல்நீரை உள்ளே இழுத்து, 100 மில்லியன் லிட்டரை நன்னீராக்கி, மீதி 137 மில்லியன் லிட்டரைக் கடலுக்கே திருப்பிவிடுவது. ஆலையில் உப்பைப் பிரிக்கும் சவ்வு வழியே மெக்னீசியம் அநேகமாகப் போவதில்லை. திரும்பும் நீரில்தான் அத்தனையும் தங்குகிறது. பெருக்கிப் பாருங்கள். முழுக் கொள்ளளவில் ஓடும் ஒரு நாளில், அந்த ஓர் ஆலையின் வழியே மட்டும் சுமார் 300 டன் மெக்னீசியம் கடலுக்குத் திரும்புகிறது. ஆலைக்காரர்கள் ‘ரிஜெக்ட்’ என்று சொல்லும் அந்த நீரில், லிட்டருக்கு 2.2 கிராம் வீதம்.

இனி கழிவுநீர்ப் பக்கம். எழுபது லட்சம் பேர் என்றும், ஒருவர் உடலிலிருந்து நாளுக்கு ஒரு கிராம் பாஸ்பரஸ்தான் வெளியேறுகிறது என்றும் குறைத்தே வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 டன். இதில் கடைசித் துளி வரை படிகமாக்குவதாக இருந்தாலும், தேவைக்கு மேல் கொஞ்சம் தாராளமாகவே போட்டாலும், வேண்டிய மெக்னீசியம் இன்னொரு 7 டன்தான். முந்நூறு டன் கடலுக்குப் போகிறது. ஏழு டன் இல்லை என்பதால் திட்டம் கைவிடப்படுகிறது. ஒரு வீட்டுக்காரர் கொல்லைப்புறமாகக் கொட்டும் பொருளையே வாசல் வழியாக விலைக்கு வாங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு இது. அந்தக் கணக்கின் முடிவைத்தான் நாம் பொருளாதார உண்மை என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உடனே அடுத்த மறுப்பு வரும்: “ரிஜெக்ட் நீர் என்ன சுத்தமான மெக்னீசியக் கரைசலா? அதில் கால்சியம் இருக்கிறது, சோடியம் இருக்கிறது, சவ்வில் உப்புப் படியாமலிருக்க நாங்கள் போட்ட மருந்து இருக்கிறது.” நியாயமான கேள்வி. கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு வேறு வீழ்படிவாக இறங்கும் என்பது உண்மை. ஆனால் கடல்நீரில் ஒரு கால்சியம் அயனிக்கு ஐந்து மெக்னீசியம் அயனிகள் இருக்கின்றன. காரத்தன்மையை அளவாக வைத்துக்கொண்டால் ஸ்ட்ரூவைட்டே முந்தும். கிடைக்கும் படிகம் வாங்கிய மெக்னீசியத்தில் கிடைப்பதைவிடச் சற்றுத் தூய்மை குறைந்திருக்கலாம். அது உரம், வயலுக்குப் போகிற பொருளில் கொஞ்சம் கால்சியம் பாஸ்பேட் கலந்திருந்தால் பயிர் கோபித்துக்கொள்ளாது. படிவுத் தடுப்பு மருந்து படிகம் வளர்வதையும் தாமதப்படுத்தக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு தாமதம் என்பது அந்தந்த ஆலையின் நீரை எடுத்துச் சோதித்தால் ஒரு வாரத்தில் தெரியும் விஷயம். சோதிக்காமலே முடியாது என்பது பொறியியல் ஆகாது. ஜப்பானின் கிட்டக்யூஷு நகரத்தில், கழிவுநீர் நிலையத்தில் மெக்னீசியத்துக்காக நேரடியாகக் கடல்நீரையே விட்டு முன்னோட்ட ஆலை ஓட்டிப் பார்த்து, அதன் முடிவுகளை வெளியிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம்மிடம் இருப்பது அதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு செறிவான நீர்.

என் பக்கத்துக் கணக்கிலும் உள்ள பலவீனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நகரத்தின் மணிச்சத்து முழுவதும் பிழிநீருக்கு வந்து சேராது. நிலையத்தின் அமைப்பைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கோ மூன்று பங்கோதான் அங்கே கைக்கு எட்டும். ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் நாளுக்கு 1.4 டன் பாஸ்பரஸ். படிகமாக 11 டன். மணிச்சத்து அளவில் ஏறத்தாழ 140 மூட்டை டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்துக்கு ஈடு. இதற்கு வேண்டிய ரிஜெக்ட் நீர் சுமார் 640 கனமீட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 64 நடை. அந்த நீரோடு வரும் உப்பு, நகரத்தின் சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராம் அளவுக்குக் கூடும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மறுபடி சவ்வில் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிற இடங்களில் அது ஒரு சுமைதான். தாங்க முடியாத சுமை அல்ல.

64 லாரி என்றதும் எதிராளிகள் முகம் மலரும் என்று தெரியும். டீசலே வருமானத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்பார்கள். லாரியிலேயே என்றென்றும் ஓட்டுவதாக இருந்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நன்னீரை நகரத்துக்கு இவ்வளவு தூரம் குழாயில் கொண்டுவருகிற வாரியத்துக்கு, அதே தடத்தில் ஒரு சிறு குழாய் போடத் தெரியாதா? இன்னொரு வழியும் உண்டு. உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் ரிஜெக்ட் நீரில் இருப்பதைப் போலப் பல மடங்கு. தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பான நீர் தெரிந்திருக்கும். அதைக் கொண்டுவந்தால் 64 லாரிக்கு வேலையே இல்லை, விரல்விட்டு எண்ணலாம். கடலோரத்து நிலையத்துக்கு ரிஜெக்ட் நீர், உள்நாட்டு நிலையத்துக்கு உப்பளத்துக் கசப்பு நீர். இரண்டையும் நாம் கழிவு என்றே பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. கசடு பிழியும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தொழிலாளி, கழற்றிப்போட்ட இரும்புக் குழாயின் வாயில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வெள்ளையாக, கல்போல் இறுகிய படிவு. முழங்கை நுழையும் குழாயில் இரண்டு விரல் நுழையும் இடம்தான் மிஞ்சியிருந்தது. “பைப்ல கல்லு கட்டிக்கும் சார். வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ கழட்டி அடிக்கணும்” என்றார். பெயர்த்தெடுத்த துண்டுகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். குப்பை மேட்டைக் காட்டினார். ஒரு துண்டை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். அது ஸ்ட்ரூவைட்.

அந்தத் தொழிலாளியின் உளிக்கும் உடல் வலிக்கும் எந்தப் பொருளாதார ஆய்விலும் இடம் இல்லை. உலகம் முழுவதும் கழிவுநீர் நிலையங்களில் இந்தக் கல் தானாகவே கட்டுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் ஹைப்பீரியன் நிலையத்தில் 1960-களிலேயே குழாய்களை அடைத்துத் தொல்லை கொடுத்தது. வேண்டாத இடத்தில் அமிலம் ஊற்றியும் உளியால் அடித்தும் அகற்றுகிறோம். அதே கல்லை நாம் விரும்பும் ஒரு தொட்டியில், நாம் விரும்பும் பருமனில் கட்டவைப்பதைத்தான் மீட்பு என்கிறோம். கட்டுப்படியாகாது என்பவர்கள் ஒரு தட்டில் மெக்னீசியத்தின் விலையை மட்டும் வைக்கிறார்கள். மறுதட்டில் குழாய் அடைப்பையும், பழுதாகும் பம்பையும், ஆண்டுதோறும் வாங்கும் படிகாரத்தையும், அது கூட்டும் கசடையும், நீரோடு போன மணிச்சத்தால் ஏரியை மூடும் ஆகாயத் தாமரையையும் வைத்ததே இல்லை. வைத்துவிட்டு நிறுக்கட்டும், பிறகு பேசுவோம்.

“ஐரோப்பாவுக்குச் சரி” என்ற பகுதிக்கும் பதில் வேண்டும். 1669-இல் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் தேடி மனிதச் சிறுநீரைக் காய்ச்சியபோது கிடைத்ததுதான் பாஸ்பரஸ். அதே ஹாம்பர்க்கில் 1845-இல் பழைய கழிவுகள் ஊறிய மண்ணைத் தோண்டும்போதுதான் ஸ்ட்ரூவைட் படிகம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. ஜெர்மனி 2017-இல் கொண்டுவந்த விதியின்படி, ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டோருக்கான நிலையங்கள் 2029 முதல் கழிவுநீர்க் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டே ஆக வேண்டும். இதைப் பணக்கார நாட்டின் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள் காரணத்தைக் கவனிப்பதில்லை. தங்கள் மண்ணில் பாஸ்பேட் பாறை இல்லை என்ற பயத்தில் செய்கிறார்கள் அவர்கள். உலகத்தில் அறியப்பட்ட பாஸ்பேட் பாறை இருப்பில் பத்துக்கு ஏழு பங்கு மொராக்கோவிலும் அதன் பிடியில் உள்ள மேற்கு சகாராவிலும் கிடக்கிறது. நமக்கும் போதிய பாறை இல்லை. பாறையாகவோ அமிலமாகவோ முழு உரமாகவோ பெரும்பகுதியைக் கப்பலில்தான் வரவழைக்கிறோம். 2021 மே மாதத்தில் உலகச் சந்தை ஏறியபோது ஒரு மூட்டை டிஏபிக்கான மானியத்தை ஒன்றிய அரசு 500 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 1,200 ரூபாயாக உயர்த்த நேர்ந்தது. அதே ஆண்டு சீனா தன் பாஸ்பேட் உர ஏற்றுமதியை இறுக்கியது. விதைப்புக் காலத்தில் கூட்டுறவுச் சங்க வாசலில் டிஏபிக்காக விடிகாலையிலிருந்து நின்ற விவசாயிக்கு இதெல்லாம் தெரிந்த கதை. அந்த மானியத்தையும் சேர்த்து வைத்து ஸ்ட்ரூவைட்டோடு ஒப்பிட வேண்டும். மானியம் பெற்ற விலையை ஒரு பக்கமும், மானியமே இல்லாத மீட்புச் செலவை இன்னொரு பக்கமும் வைத்து ஒப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

நூற்று நாற்பது மூட்டை என்பது நாட்டின் தேவைக்கு முன் தூசு என்பார்கள். ஆமாம், தூசுதான். ஆனால் டிஏபி இறக்குமதிக்கு மாற்றாக இதை யாரும் முன்வைக்கவில்லை. ஒரு நகரத்தின் கழிவுநீர் நிலையம் தன் குழாயையும் தன் கால்வாயையும் காத்துக்கொள்ளும் வேலையில் கைமேல் கிடைக்கும் மூட்டைகள் அவை. தவிர, மெக்னீசியமும் பயிருக்குச் சத்துதான் என்பதை இந்த விவாதத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இஸ்ரேலில் அஷ்கெலோன் ஆலையின் நீர் வயல்களுக்குப் போகத் தொடங்கிய பிறகு என்ன நடந்தது என்று 2007-இல் ‘சயின்ஸ்’ இதழில் அந்நாட்டு அறிஞர்கள் எழுதினார்கள். கடல்நீரிலிருந்து உப்போடு மெக்னீசியமும் போய்விட்டதால், அந்த நீர் பாய்ந்த பயிர்களில் மெக்னீசியக் குறைபாடு தென்பட்டது. கடலுக்குத் திருப்பிவிட்டதையே வயலுக்கு உரமாக வாங்கிப் போட வேண்டிய நிலை. தென்னைக்கும் வாழைக்கும் மெக்னீசியம் சல்பேட் வாங்கிப் போடும் நம் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விவசாயி தொடமாட்டார் என்ற வாதம்தான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. மலத்திலிருந்து வந்ததென்றால் அருவருப்பு, சந்தையில் விலை போகாது என்கிறார்கள். இந்த அருவருப்பு யாருடையது? மதுரை அவனியாபுரத்தில் கழிவுநீர் பாய்ச்சிய புல் மாடுகளுக்குத் தீவனமாயிற்று; பாலை யாரும் மறுக்கவில்லை. முசிறியில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறை கட்டி, வந்து போகிறவர்களுக்குச் சிறு தொகையும் கொடுத்தார்கள். அந்தச் சிறுநீர் பயிருக்குப் போனது. மண்ணில் கைவைக்கிறவர்கள் எருவைக் கண்டு முகம் சுளித்ததில்லை. முகம் சுளித்தது, கழிவு என்ற ஒன்றைச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு அதைப் பார்க்காமலே வாழப் பழகிய சமூகம். மலக்குழியில் மனிதரை இறக்குவதைத் தடைசெய்து 2013-இல் சட்டம் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. கழிவுநீரில் ஒரு மதிப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், அதைக் கையாளும் வேலைக்கும் இயந்திரமும் ஊதியமும் மரியாதையும் கொடுக்க வேண்டி வரும். கட்டுப்படியாகாது என்ற சொல்லுக்குள் இந்தத் தயக்கமும் ஒளிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். உண்மையில் கழுவி உலர்த்திய ஸ்ட்ரூவைட் மணலைப் போன்ற வெண்மணிகள். அதற்கு நாற்றம் இல்லை. பாறைப் பாஸ்பேட்டில் இயல்பாகவே வரும் காட்மியம் இதில் மிகக் குறைவு.

மண்ணைப் பற்றிய ஆட்சேபம் வேறு. அதில் சாரம் உண்டு. ஸ்ட்ரூவைட் நீரில் மெதுவாகவே கரையும். காரத்தன்மை மிகுந்த கரிசலிலும் சுண்ணாம்பு மண்ணிலும் அடியுரமாகப் போட்டு, டிஏபி கொடுத்த வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆகவே அங்கே போட வேண்டாம். நீலகிரித் தேயிலைத் தோட்டத்து மண் நல்ல புளிப்பு. அந்த மண்ணில் இது நன்றாகக் கரையும். தேயிலைக்கு அம்மோனிய வடிவில் தழைச்சத்தும் பிடிக்கும், மெக்னீசியமும் வேண்டும், கொட்டும் மழையில் அடித்துப்போகாத உரமும் வேண்டும். ஓர் உரம் எல்லா மண்ணுக்கும் ஏற்காது என்பதால் அது உரமே அல்ல என்றாகிவிடாது.

இரண்டு துறைகளின் நீரை ஒன்றுசேர்ப்பது நடைமுறையில் ஆகாத காரியம் என்போருக்கு இரண்டு ஊர்களைக் காட்டுகிறேன். பார்சிலோனாவில் கடல்நீர் ஆலையின் ரிஜெக்ட் நீரைச் சுத்திகரித்த கழிவுநீரோடு கலந்து, உப்பைத் தணித்துத்தான் கடலுக்குள் விடுகிறார்கள். ஜப்பானின் ஃபுகுவோகாவில் 2025 ஆகஸ்டில் ஒரு மின்நிலையம் ஓடத் தொடங்கியது. ஒரு பக்கம் கடல்நீர் ஆலையின் செறிந்த உப்புநீர், மறுபக்கம் சுத்திகரித்த கழிவுநீர், நடுவே ஒரு சவ்வு. இரண்டின் உப்பு வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே இரண்டு குழாய்களும் ஒரே வளாகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. நம் வாரியத்தில் அவை ஒரே அலுவலகத்தின் கோப்புகளில் இருந்தும் சந்திக்கவில்லை.

நான் சொல்லாத ஒன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். இதனால் ரிஜெக்ட் நீரின் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 137 மில்லியன் லிட்டரில் ஒரு மில்லியன் லிட்டர்கூட இதற்குத் தேவைப்படாது. உலகத்து உப்புநீக்க ஆலைகள் நாளுக்கு 142 மில்லியன் கனமீட்டர் உப்புநீரை வெளியேற்றுவதாக 2019-இல் ஐ.நா. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். அந்த வெள்ளத்தை உரத்தொட்டியால் தடுக்க முடியாது. ஆலை வந்த பிறகு மீன்பாடு குறைந்தது, கரை அரிக்கிறது என்று நெம்மேலிப் பக்கத்து மீனவர்கள் சொல்வதற்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். உரத்தைக் காட்டி அதை மறைக்க யாரேனும் முயன்றால் நான் மீனவர் பக்கம்தான் நிற்பேன். என் வாதம் குறுகியது. மெக்னீசியத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருப்பதால் மீட்பு கட்டுப்படியாகாது என்ற தீர்ப்பு, கடலோர நகரத்துக்குப் பொருந்தாது.

பத்தாயிரம் லிட்டர் லாரி ஒன்றில் நெம்மேலியின் ரிஜெக்ட் நீரை நிரப்பினால் அதில் 22 கிலோ மெக்னீசியம் இருக்கும். பெருங்குடி நிலையத்தில் கசடு பிழிந்த நீருக்குப் பக்கத்தில் ஒரு கூம்புத் தொட்டியும், கரியமில வாயுவை விரட்டிக் காரத்தன்மையை உயர்த்த ஒரு காற்று ஊதியும், படிகத்தை வடிக்க ஒரு சல்லடையும் போதும். நீர் நல்ல செறிவோடு இருந்தால் அந்த ஒரு லாரியிலிருந்து சுமார் 170 கிலோ ஸ்ட்ரூவைட் இறங்க வேண்டும். இறங்குகிறதா, எவ்வளவு தூய்மையாக இறங்குகிறது, லாரி வாடகை போக என்ன நிற்கிறது என்று ஒரு மாதம் எழுதிவைத்து, அந்த நோட்டைப் பொதுவில் வைக்கட்டும். பேரூர் ஆலையின் வெளியேற்றுக் குழாயில் ஒரு கிளை வால்வு வைப்பதா வேண்டாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.